பணவீக்கம் 5-லிருந்து 3.5 ஆன மாதத்தில் விலை ஏன் ஏறியது?

நீங்கள் கேட்டிருந்ததன் சுருக்கம் இது: ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வாக்கில் டிவியில் "சில்லறைப் பணவீக்கம் குறைந்தது" என்கிறார்கள், ஆனால் வடசென்னையில் நம் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பை காய் வாங்க ஆகும் பணம் குறையவில்லை, அந்த எண் பொய்யா, இல்லை நமக்குத்தான் கணக்குத் தெரியவில்லையா?

எண் பொய் இல்லை. உங்கள் கணக்கிலும் தப்பு இல்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் விலை ஏறியதா, இறங்கியதா என்பது உங்கள் கேள்வி. டிவியில் வரும் சதவீதம் அந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. போன வருஷம் இதே மாதம் இருந்த விலையோடு ஒப்பிட்டால் இப்போது எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. சில மாதங்களில் இந்த இரண்டு கணக்கும் நேர் எதிராகப் போகும். அப்படிப் போன ஒரு மாதத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன், இந்தச் சதவீதத்துக்கு அடிப்படையான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் களப்பணியாளர்கள் நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த இடங்களுக்குப் போய், அதே கடை, அதே பொருள், அதே தரம் என்று பார்த்து மாதாமாதம் விலையைக் குறித்து வருகிறார்கள். 2012-ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது 100 ஆக வைத்து வெளியிட்ட குறியீட்டெண் வரிசையில் நகரங்களில் 1,114 சந்தைகளிலும், அதுபோக 1,181 கிராமங்களிலும் இப்படி விலை எடுத்தார்கள். ஒரு சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறதோ, அந்த அளவுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் எடை கொடுத்து எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சேர்க்கிறார்கள். 2012-ல் 100 ரூபாய்க்குக் கிடைத்த சாமான் மொத்தத்தையும் 2023 ஜூலையில் வாங்க 186 ரூபாய் 30 காசு ஆனது. அதனால் அந்த மாதத்துக் குறியீட்டெண் 186.3. அவ்வளவுதான்.

அந்த 2023 ஜூலையை நம் பக்கத்தில் சமையல் செய்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய மாதம் அது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் கோயம்பேட்டுக்கு வர வேண்டிய லோடு குறைந்துபோனது. தமிழக அரசு சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. ஜூனில் 181.0 ஆக இருந்த குறியீட்டெண் ஜூலையில் 186.3-க்குத் தாவியது. ஒரே மாதத்தில் ஏறக்குறைய 2.9 சதவீதம். அதற்கு முந்தைய வருஷம், 2022 ஜூலையில், அது 173.4. அங்கிருந்து பார்த்தால் ஏற்றம் 7.44 சதவீதம். செய்தியில் வந்தது இந்த 7.44தான்.

ஆகஸ்டில் 186.2. செப்டம்பரில் 184.1. செப்டம்பரில் விலை நிஜமாகவே இறங்கியிருக்கிறது, ஒரு மாதத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேலே. ஆனால் அந்த மாதத்துக்கு அறிவித்த பணவீக்கம் 5.02 சதவீதம். கல்மண்டபம் மார்க்கெட்டில் தக்காளி மலிந்து நாம் மூச்சுவிட்ட மாதத்துக்கும் அஞ்சு சதவீதப் பணவீக்கம் என்றுதான் செய்தி வந்தது.

இப்போது அடுத்த வருஷத்துக்கு வாருங்கள். 2024 ஜூனில் குறியீட்டெண் 190.2. அதற்கு ஒரு வருஷம் முன்பு 181.0, ஆக பணவீக்கம் 5.08 சதவீதம். ஜூலையில், முதலில் வெளியான கணக்கின்படி, 192.9. போன வருஷ ஜூலை 186.3, ஆக பணவீக்கம் 3.54 சதவீதம். ஐந்துக்கு மேல் இருந்தது மூன்றரைக்கு வந்துவிட்டது, ஏறக்குறைய ஐந்து வருஷத்தில் இவ்வளவு குறைவாக இருந்ததில்லை என்று எல்லாப் பத்திரிகையிலும் செய்தி.

ஆனால் 190.2-லிருந்து 192.9-க்குப் போனால் அது இறக்கமா? ஒரே மாதத்தில் 1.4 சதவீதம் ஏற்றம். மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்குகிற குடும்பம் ஜூனைவிட ஜூலையில் சுமார் 140 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. அதே மாதம்தான் "பணவீக்கம் குறைந்தது". இரண்டும் உண்மை. போன வருஷ ஜூலையின் தக்காளி விலை அவ்வளவு உயரத்தில் இருந்ததால், அதோடு ஒப்பிடும்போது இந்த வருஷ ஏற்றம் சின்னதாகத் தெரிந்தது. பொருளாதாரம் படித்தவர்கள் இதை அடித்தள விளைவு என்பார்கள். வட்டிக்கும் வங்கிக்கும் இந்த ஒப்பீடு பயன்படும். கையில் காசை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் நிற்கிறவருக்கு இதைச் சொல்லாமல் "குறைந்தது" என்று மட்டும் தலைப்புப் போடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். குறியீட்டெண்ணையும் பக்கத்திலேயே போட்டால் ஒரு வரிதான் கூடும்.

இதே கணக்கு நமக்குச் சாதகமான விஷயத்திலும் நடக்கும். சென்னையில் கேஸ் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசாக இருந்தது. 2023 ஆகஸ்ட் 30 முதல் 200 ரூபாய் குறைத்து 918.50 ஆக்கினார்கள். 2024 மார்ச்சில் இன்னொரு 100 குறைந்து 818.50. குறைத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் அந்தக் குறைப்பு பணவீக்கக் கணக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. பதின்மூன்றாவது மாதம் அந்த இழுப்பு காணாமல் போய்விடும், ஏனென்றால் ஒப்பிடுகிற போன வருஷ விலையும் அதே குறைந்த விலைதான். உங்கள் வீட்டில் அந்த 300 ரூபாய் மிச்சம் தொடர்ந்தாலும் சதவீதத்தில் அதைப் பார்க்க முடியாது. பிறகு 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றி 868.50 ஆனதும் கணக்கு "ஏற்றம்" என்று காட்டத் தொடங்கியது. 1,118-லிருந்து பார்த்தவருக்கு அது அப்போதும் மலிவு. 818-லிருந்து பார்த்தவருக்கு விலை ஏறிவிட்டது.

"அப்படியானால் மாதத்துக்கு மாதமே ஒப்பிட்டுச் சொல்லிவிடலாமே?" என்று கேட்பீர்கள். முடியாது. அதற்கான காரணம் நம் காசிமேட்டிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பைபர் படகுகள் கரையோரம் பிடித்து வருவதும், கேரளாவிலிருந்து வரும் ஐஸ் மீனும்தான் மார்க்கெட்டுக்கு. வஞ்சிரமும் வவ்வாலும் எட்டாத விலைக்குப் போகும். சங்கராவும் நெத்திலியுமே யோசித்து வாங்குகிற பொருளாகிவிடும். தடை முடிந்து விசைப்படகுகள் திரும்ப ஆரம்பித்ததும் விலை இறங்கும். அப்புறம் புரட்டாசி வந்தால் பாதி ஊர் கறி மீனைத் தொடாது, மீனும் கோழியும் இன்னும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்கறி ஏறும். தை பிறந்ததும் காய் கொஞ்சம் மலியும். மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டு அதை மட்டும் அறிவித்தால், மே மாதம் "மீன் விலை பயங்கரம்" என்றும் ஜூலையில் "மீன் விலை சரிந்தது" என்றும் வருஷா வருஷம் ஒரே செய்தி வந்துகொண்டிருக்கும். இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு ஒப்பிட்டால் இரண்டிலும் தடைக்காலம் இருக்கிறது. பருவத்தால் வரும் ஏற்ற இறக்கம் கழிந்துபோய், மிச்சம் இருக்கிற ஏற்றம் மட்டும் தெரியும். வருஷத்தோடு ஒப்பிடுவதன் நியாயம் இதுதான்.

ஆனால் ஒன்று: பருவத்தைக் கழித்துப் பார்ப்பது டெல்லியில் கொள்கை வகுக்கிறவருக்குச் சரி. தடைக்காலத்தில் படகில் வேலையும் இல்லாமல், மார்க்கெட்டில் விலையும் ஏறி நிற்கும்போது அந்த இரண்டு மாதத்தைக் கழிக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் கடன் ஏறுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அந்தக் கடனுக்குக் கொடுக்கும் தண்டல் வட்டி நுகர்வோர் விலைக் குறியீட்டில் வராது. வட்டி எந்த வகையானாலும் அதில் சேர்ப்பதில்லை. வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸும் வராது, ஏனென்றால் அது திரும்பி வரும் பணம் என்று கணக்கு.

இங்கிருந்துதான் இரண்டாவது விஷயம்: அந்த எண் யாருடைய பை?

பழைய 2012 வரிசையில் உணவுக்கும் பானத்துக்கும் நாடு முழுதுக்குமான எடை சுமார் 46 சதவீதம். கிராமத்துக்குத் தனியாகப் பார்த்தால் 54, நகரத்துக்கு 36. நகரக் கணக்கில் வீட்டுக்கென்று சுமார் 22 சதவீதம். மீனும் கறியும் சேர்த்து நாட்டுக் கணக்கில் மூன்றரைச் சதவீதம் சொச்சம். அதாவது நூறு ரூபாயில் மூன்றரை ரூபாய்தான். ராயபுரத்தில் வாரத்தில் நாலு நாள் மீன்குழம்பு வைக்கிற வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? அண்ணா நகரில் காரும் ஏசியும் வைத்திருக்கிற குடும்பமும் வியாசர்பாடியில் கூலிக்குப் போகிற குடும்பமும் ஒரே "நகரம்" என்ற கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. வருமானம் குறையக் குறைய சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். அதனால் காய்கறி ஏறுகிற மாதத்தில் வியாசர்பாடிக் குடும்பத்தின் நிஜப் பணவீக்கம் அறிவித்ததைவிட அதிகம். காய்கறி இறங்குகிற மாதத்தில் குறைவு.

நேர்மையாகப் பார்த்தால் மறுபக்கமும் இருக்கிறது. நம் ஊரில் அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று வெளிச்சந்தை எங்கே போனாலும் நகராமல் நிற்கிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு மின்சாரத்தில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், ஆனால் வாடகை வீட்டில் ஹவுஸ் ஓனர் தன் கணக்கில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இடத்தில் அது குடியிருப்பவருக்கு வந்து சேருவதில்லை. இவை எல்லாம் சேர்ந்து, இங்கே ஒரு குடும்பத்தின் பணவீக்கம் பீகாரிலோ மகாராஷ்டிராவிலோ இருக்கிற குடும்பத்தினுடையதைப் போல இருக்காது. எந்தப் பக்கம் விலகும் என்பது அந்த வீடு எதை ரேஷனில் வாங்குகிறது, எதை வெளியில் வாங்குகிறது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று, எனக்கு மிகவும் உறுத்துவது. மாசச் சம்பளக்காரர் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை விலை இறங்கும்போது வாங்கி வைத்துவிடுவார். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் அண்ணாச்சி கடையில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவார். கிராம் கணக்குப் போட்டால் அவர் கொடுக்கும் விலைதான் அதிகம். விலை இறங்கிய வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை, ஏறிய வாரத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. குறியீட்டெண் விலை எவ்வளவு மாறியது என்பதைத்தான் அளக்கிறது. ஏழை தொடக்கத்திலேயே கூடுதல் விலை கொடுக்கிறார் என்பதை அளப்பது அதன் வேலை இல்லை.

2025 அக்டோபரை எடுத்துப் பாருங்கள். பணவீக்கம் 0.25 சதவீதம், 2012 வரிசையிலேயே அதைவிடக் குறைந்த எண் வந்ததில்லை. உணவுப் பொருட்களில் மைனஸ் 5.02 சதவீதம், அதாவது போன வருஷத்தைவிட உணவு மலிவு. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்ததும் அதில் சேர்ந்துகொண்டது. ஆனால் சென்னையில் பல டீக்கடைகளில் 12 ரூபாய் டீ அந்த செப்டம்பரில்தான் 15 ஆனது. அது 25 சதவீத ஏற்றம். வருஷத் தொடக்கத்தில் சவரன் 58,000 ரூபாய்க்குக் கீழே இருந்த தங்கம் அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. காய்கறி இறங்கியது மனதில் நிற்காது, ஏனென்றால் அது மறுபடி ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். டீ விலை ஏறினால் இறங்காது. வீட்டு வாடகை, டியூஷன் பீஸ், கேன் தண்ணீர், டாக்டர் பீஸ் எல்லாம் அப்படித்தான்: நகராமல் நிற்கும், பிறகு ஒரே தாவாகத் தாவும், திரும்பி வராது. ரிசர்வ் வங்கி நகரங்களில் குடும்பங்களிடம் நடத்தும் ஆய்வில் சென்னையும் உண்டு. அதில் மக்கள் உணர்வதாகச் சொல்லும் பணவீக்கம் அதிகாரபூர்வ எண்ணைவிட வழக்கமாகவே சில சதவீதப் புள்ளிகள் மேலே இருக்கும். அதை மக்களின் அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. திரும்பி வராத விலைகளை மக்கள் சரியாகவே நினைவு வைத்திருக்கிறார்கள்.

2026 பிப்ரவரியிலிருந்து 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்திருக்கிறது. 2023-24-ல் எடுத்த குடும்பச் செலவு ஆய்வை வைத்து எடைகளை மாற்றியிருக்கிறார்கள். உணவுக்கும் பானத்துக்கும் இருந்த எடை 46-லிருந்து சுமார் 37 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 2011-12-ன் செலவுப் பழக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைவிட இது மேல். இனி தக்காளி ஏறினால் மொத்த எண் முன்பு போலத் துள்ளாது. அது நல்லதா என்றால், நாட்டுச் சராசரிக்கு நல்லது. வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகிற வீட்டுக்கும் அறிவிக்கிற எண்ணுக்கும் உள்ள தூரம் இன்னும் கூடும்.

விலை எப்போதாவது பழைய நிலைக்குத் திரும்புமா என்று கேட்பீர்கள். தனித்தனிப் பொருள் திரும்பும். மொத்தமாகத் திரும்பாது, திரும்ப வேண்டும் என்று யாரும் திட்டமிடுவதும் இல்லை. 2016-ல் சட்டத்தைத் திருத்தி ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்த இலக்கு 4 சதவீதம். கீழே 2, மேலே 6 வரை போகலாம். அதாவது எல்லாம் சரியாக நடந்தாலே விலை வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் விலை குறையுமா என்று காத்திருப்பதைவிட, நம் வருமானம் அதோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் அவசியம்.

இதில் வடசென்னைக்குப் பழைய தொடர்பு உண்டு. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. 1935-36-ல் அன்றைய மாகாண அரசு இந்த நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து, அந்த ஆண்டை 100 ஆக வைத்து வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் போட்டது. இப்போதும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்று தனிக் குறியீட்டெண் இருக்கிறது. மத்திய தொழிலாளர் பணியகம் 2016-ஐ அடிப்படையாக வைத்து 88 ஊர்களில் விலை எடுத்து வெளியிடுகிறது. சென்னை அதில் ஒன்று. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் மாறுவது இதை வைத்துத்தான். எண்ணூர், மணலிப் பக்கம் சங்கம் உள்ள ஆலைகளில் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்று பஞ்சப்படி ஒப்பந்தம் இருக்கும். அந்தக் கணக்குகளைப் பல காலமாகப் போட்டுக் கொடுத்து வருகிறவன் என்பதால் சொல்கிறேன்: அந்த ஒரு பத்தி ஒப்பந்தத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் ஒரு குடும்பத்துக்குப் பத்து வருஷத்தில் வரும் வித்தியாசம் மிகப் பெரிது. தமிழக அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகளிலும் சென்னை நகரக் குறியீட்டெண்ணோடு இணைத்த பஞ்சப்படி உண்டு, ஏப்ரல் 1 தோறும் அது மாறும். கடையில், கோடவுனில், ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிற பலருக்கு இப்படி ஒன்று தங்களுக்குச் சட்டப்படி இருக்கிறது என்பதே தெரியாது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்களையும் மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர்களையும் கேட்டால், கடைசியாகக் கூலி எப்போது ஏறியது என்று யோசித்துத்தான் சொல்வார்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த 12-ஆம் தேதி செய்தி வரும்போது சதவீதத்தை விட்டுவிட்டு, புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கையில் குறியீட்டெண் அட்டவணையைப் பாருங்கள். இந்த மாத எண்ணைப் போன மாத எண்ணால் வகுத்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடும். அப்புறம், கடைசியாகச் சம்பளம் ஏறிய மாதத்தின் எண்ணை எடுங்கள். 2022 ஜூலையில் 173.4, 2024 ஜூலையில் 192.9. 2022-ல் 15,000 ரூபாய் வாங்கிய ஒருவர் அதே சாமானை 2024-ல் வாங்க, 15,000-ஐ 192.9-ஆல் பெருக்கி 173.4-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 16,690 ரூபாய். அவருக்கு 16,000 கொடுத்திருந்தால் அது சம்பள உயர்வு இல்லை, மாதம் 690 ரூபாய் குறைப்பு. பழைய வரிசை எண்ணையும் 2024 வரிசை எண்ணையும் மட்டும் நேராக வகுத்துவிடாதீர்கள். இரண்டு வரிசையையும் இணைக்க அமைச்சகம் கொடுக்கும் எண்ணால், அதாவது இணைப்புக் காரணியால், மாற்றிக்கொண்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். மாதத்தையும் எண்ணையும் எழுதி இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, சம்பளம் பேசப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். அரசு வெளியிட்ட எண் என்பதால் முதலாளி அதை மறுத்துப் பேச முடியாது. கொடுக்க முடியுமா முடியாதா என்று மட்டும்தான் பேச முடியும்.